துளியக்கா விட்ட ரிங்

எங்கள் கட்டடத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சூடு ஏறும்வரை பச்சைத் தண்ணீர்தான் வரும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே சாக்கடைக்கு அனுப்பிவிடுவோம். கீழ்த்தளத்து வீட்டில் மட்டும் அதற்கென்று ஒரு நீல வாளி இருந்தது. அந்தத் தண்ணீரில் பாத்திரம் ஊறும். பாத்திரம் ஊறிய தண்ணீரில் தரை துடைபடும். தரை துடைத்த தண்ணீர் கடைசியாக மாடிப்படிக்கு வரும். ஆகமொத்தம், மேலேயிருந்து மிடுக்காக இறங்கிவருகிற நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுச் சமையலறையைச் சுற்றிவந்த தண்ணீரில்தான் கால் வைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு துளிதானே, போனாப் போகட்டும் விடுங்க," என்று யாரோ ஒருமுறை சொல்லப்போக, "துளிதான். ஆனா என் துளி," என்றாள் அந்த வீட்டுக்காரி. அன்றிலிருந்து அவள் துளியக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டணச் சீட்டில் இருந்ததோடு சரி.

அவள் வீட்டில் பற்பசை மூன்று முறை தீரும். முதல் முறை எல்லோர் வீட்டிலும் தீர்வதுபோல. இரண்டாவது, குழாயின் மேல் கண்ணாடிப் பாட்டிலை வைத்து உருட்டிய பிறகு. மூன்றாவது, கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே பிரஷ்ஷை விட்டு வழித்த பிறகு. காலியான எண்ணெய் டப்பா புது டப்பாவின் வாய்மேல் மறுநாள்வரை தலைகீழாக நிற்கும். அடுப்பை எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே அணைத்து, பாத்திரத்தின் மேல் பழைய கம்பளித் துண்டைச் சுற்றிவிடுவாள். மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். வீட்டில் ஒரு சமயத்தில் ஒரு விளக்குதான் எரியும். யார் எந்த அறையில் இருந்தாலும் இருட்டியதும் அந்த ஒரு விளக்கடிக்கு வந்தாக வேண்டும். அதனால் மகள் படித்தது முழுக்க அடுப்பு மேடையில். "என் சர்டிபிகேட்ட மோந்து பாருங்க, தாளிச்ச வாசனை வரும்," என்று அவள் சொல்லிக்கொண்டு திரிவாள்.

சோப்பு விஷயம் தனி. தேய்ந்து நகத்தளவு ஆனதும் அதை ஈரத்தோடு புதுச் சோப்பின் முதுகில் வைத்து அழுத்துவாள். ஒரு நாள் அப்படியே விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டுச் சோப்புக்கு எப்போதும் ஒரு திமில் இருக்கும். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோழி வீட்டுக்குப் போய்வந்து, "அம்மா, பாவம்மா, அவங்க வீட்டு சோப்பு ஒரே கலர்ல இருக்கு," என்றாளாம்.

கஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் கஞ்சத்துக்கு ஒரு முகம் உண்டு. யாராவது வீட்டுக்கு வந்தால் அது சுருங்கும். துளியக்காவின் வீட்டில் வந்தவருக்குத் தேநீர் விளிம்புவரை வரும். மாடியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தூக்குப்பாத்திரத்தோடு முதலில் படியேறுகிறவள் அவள்தான். அவளுடைய சிக்கனத்துக்குக் காரணம் பணத்தாசை இல்லை. அவள் புருஷன் கடலில் இருந்தார்.

சரக்குக் கப்பலில், எந்திர அறையில் எண்ணெய் விடுகிற வேலை. கல்யாணமாகி வீட்டுக்குள் ஒருவர் செருப்பு ஒருவருக்குப் பழகுவதற்குள் கப்பல் ஏறிவிட்டார். சொந்தமாக ஒரு வீடு வாங்கியதும் வந்துவிடுவதாகப் பேச்சு. "நம்ம வாங்காத ஒவ்வொண்ணும் அவரை ஒரு அடி கரைப்பக்கம் தள்ளுது," என்று துளியக்கா ஒருதரம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு திமில் சோப்பைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் கடினமாகிவிட்டது.

சொன்னது மடிப்பிடம். மடிப்பு என்று பட்டப்பெயர் கொண்டவள் துளியக்காவோடு வேலை செய்கிறவள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். அங்கே படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, ஈரம் போகாமல் ஆவி உருளையில் கொடுப்பார்கள். ஒரு பக்கம் ஈரமாகப் போகிற விரிப்பு மறுபக்கம் சுட்ட காகிதம்போல வெளியே வரும். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், மூலைக்கு ஒருத்தி. ஒருத்தி இழுப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் விரிப்பு கோணிக்கொண்டு உருளையில் சுற்றிவிடும். இத்தனை வருடமும் ஒரு மூலை துளியக்காவுடையது, மறுமூலை மடிப்புடையது. எந்திரச் சத்தத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் சலவைக்கூடத்தில் ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

ஆரம்ப காலத்தில் அவர் எந்தத் துறைமுகத்திலாவது இறங்கினால் தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடுவார். பூத்துக்காரர் ஆளனுப்பிச் சொல்வார். துளியக்கா மாவுக்கையோ சோப்புக்கையோ அப்படியே ஓடுவாள். அவர் இருக்கிற பக்கத்தில் கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒருதரம் சொல்லியிருந்தார். அதனால் என்ன பேச வேண்டும் என்பதை உருளையின் முன் நின்றபடி முன்கூட்டியே தயார் செய்வாள். முதலில் முழுசாக நினைப்பாள். வாடகை வீட்டுக் கூரை ஒழுகியது, பக்கத்து வீட்டில் ஏணி கேட்டது, இருட்டில் தானே ஏறி ஓடுகளை நகர்த்தி அடைத்தது, கீழே நின்ற குழந்தை "அம்மா, மேல போயிடாத, அப்பாதான் ஏற்கெனவே போயிட்டாரே," என்று அழுதது. பிறகு நறுக்குவாள். ஏணி போகும், இருட்டு போகும், குழந்தை சொன்னதும் போகும்.

"நல்ல மழை. கூரை சரி பண்ணியாச்சு," என்பாள் டெலிபோனில்.

"இங்க புயல். தாண்டிட்டோம்," என்பார் அவர்.

"சரி."

"வெச்சிடவா?"

"வெச்சிடுங்க."

நறுக்கிய துண்டுகளைத் தூக்கிப்போடுகிற வழக்கம் அவளுக்கு ஏது. எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தாள். நேரில் வரும்போது ஆற அமரச் சொல்லலாம் என்று.

கைபேசி வந்ததும் இன்னும் சிக்கனமான வழி கிடைத்தது. எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். ஒரு ரிங் வந்து நின்றால், நல்லா இருக்கேன். இரண்டு ரிங் என்றால், பணம் அனுப்பியாச்சு. பதிலுக்கு இரண்டு என்றால், வந்து சேர்ந்தது. மூன்று ரிங் என்றால் சாவு அல்லது ஆஸ்பத்திரி, காசு பார்க்காமல் உடனே பேசு. மூன்று வந்தது ஒரே தடவைதான், அவருடைய அப்பா போனபோது. மற்றபடி வருடக்கணக்காக அந்தக் குடும்பம் ஒரு ரிங்கிலும் இரண்டு ரிங்கிலும் ஓடியது. எடுக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியமான சட்டம். மகள் ஒருநாள் ஆசையில் எடுத்து "அப்பா" என்றுவிட்டாள். மறுமுனையில் அவர் பதறிப்போய் "வை, வை," என்றாராம். அவள் அழுதாள். துளியக்கா அவளைத் திட்டினாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, அவர் குரல் எப்படி இருந்தது என்று அவளிடமே கேட்டாள்.

"வை வைன்னாரும்மா."

"அது சரி. குரல்?"

"ஜலதோஷம் பிடிச்ச மாதிரி."

மறுநாள் முழுக்க உருளையின் முன் துளியக்கா அந்த ஜலதோஷத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததாக மடிப்பு சொன்னாள். சூடாக எதையாவது குடிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை ரிங்?

ஒப்பந்தம் முடிந்து வீடு வரும்போது அவர் பெட்டியில் சாக்லேட்டும் சென்ட்டும் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்ப்போம். உலகத்தைச் சுற்றிவந்த மனுஷன் கொண்டு வருவது தங்கும் விடுதிகளில் பாதி தேய்ந்த சோப்புத் துண்டுகள், சின்னக் காகிதப் பையில் சர்க்கரை, கப்பலில் கழித்துப்போட்ட பஞ்சுத்துணி, ஒரு முழ இரண்டு முழக் கயிறு. பெட்டியைத் தரையில் கொட்டுவார். துளியக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். "இது எந்த ஊரு சோப்பு?" "அது தெரியல, மூணாவது துறைமுகம்." "வாசனை நல்லா இருக்கே." இரண்டு பேர் முகத்திலும் விளக்குப் போட்டதுபோல இருக்கும்.

"நகைக்கடைல உட்கார்ந்திருக்கற மாதிரி உட்கார்ந்திருக்கு பாருங்க ஜோடி," என்பாள் மகள்.

அவருக்கும் அதே குணம்தான். எந்திர அறையில் சிந்திய எண்ணெயைத் துணியில் ஒற்றிப் பிழிந்து எடுத்து வைக்கிறவர். வீட்டில் இருக்கிற நாட்களில் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், குடைக்கம்பிக்குத் தையல் போடுவார். வேலை முடிந்தால் துளியக்கா செய்வதை நின்று பார்ப்பார். அவள் பற்பசையைப் பிளப்பதை, சோப்பை ஒட்டுவதை. ஒன்றும் சொல்ல மாட்டார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.

அவளும் எடுத்து வைத்ததைச் சொல்ல ஆரம்பிக்க மாட்டாள். வந்த முதல் வாரம் அவர் தூங்குவார். அதன்பின் சொந்தபந்தம் வரும். பிறகு ஒழுக்கு, ஓட்டை, ரிப்பேர். பேசத்தான் போகிறோமே, நாளைக்குப் பேசலாம், ஏன் ஒரே நாளில் தீர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். நல்ல பண்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிற பழக்கம். அப்படி வைத்து வைத்தே பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். அவர் போன பிறகு வாளித் தண்ணீரோடு படி துடைக்க வருகிறவளின் முகத்தைப் பார்த்தால், சாப்பிடாமல் எடுத்து வைத்தது கெட்டுப்போன வீட்டுக்காரியின் முகம்போல இருக்கும்.

வீடு வாங்கினார்கள். அதுதான் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம். வாங்கியதும் வருவதாக இருந்தவர் கடன் அடையட்டும் என்றார். கடன் அடைந்தபோது மகள் கல்லூரியில் இருந்தாள். படிப்பு முடிந்ததும் அவள் கல்யாணம். ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அதனால் சண்டை போடவும் வழி இல்லாமல் போனது.

இதற்கு நடுவில் பேச்சு இலவசமாகிவிட்டது. மகள் ஒரு புதுக் கைபேசி வாங்கி, முகம் பார்த்துப் பேசுகிற வசதியைப் போட்டுக்கொடுத்தாள். கப்பலிலும் அந்த வசதி வந்திருந்தது. முதல்நாள் மடிப்புகூட வந்திருந்தாள், வேடிக்கை பார்க்க. திரையில் அவர் முகம் வந்தது. பின்னால் ஒரு பச்சைக் குழாய். துளியக்கா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"எல்லாம் சரிதானே?"

"சரி."

"வெச்சிடவா?"

"வெச்சிடுங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, இது காசில்லம்மா. விடிய விடியப் பேசலாம். ரெண்டு பேரும் தந்தி அடிக்கிறீங்க."

"இருக்கட்டும்டி. எதுக்கு வீணா?"

"எது வீணு? காசே இல்லைங்கறேன், எது வீணாகுது?"

துளியக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பேச உட்கார்ந்தால் உள்ளே எல்லாம் நறுக்கிய துண்டாகவே இருந்தது. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. ஏணியைச் சொன்னால் கூரையைச் சொல்ல வேண்டும், கூரையைச் சொன்னால் அந்த வாடகை வீட்டையே சொல்ல வேண்டும், அதில் அவர் மொத்தமாக இருந்ததே கொஞ்ச நாள். இலவச வசதி ஒரு மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது. அவர்கள் பழையபடி ஒரு ரிங்குக்குத் திரும்பினார்கள். அவர் விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும் அதே முறைதான். கடைக்குப் போனவர் திரும்புகிறபோது ஒரு ரிங் விடுவார். இவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். நின்று எண்ணிவிட்டு, எடுக்காமலே.

மகள் கல்யாணம் முடிந்து அடுத்த ஒப்பந்தத்துக்கும் போய்விட்டு அவர் இந்தமுறை வந்தபோது வாங்க வேண்டியது, அடைக்க வேண்டியது, கட்டிக்கொடுக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. எந்திர அறைச் சத்தத்தில் இடது காது மந்தம். படுத்தால் தூக்கம் வரவில்லை, வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது என்று குறைபட்டார். துளியக்கா மிக்ஸியைத் துடைக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டாள். அவள் வாழ்க்கையில் மின்சாரத்தை வீணாக்கியது அந்த ஒருமுறைதான் இருக்கும். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்.

இந்தமுறை இருந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். கேட்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று இருந்தாள். ஒரு சாயங்காலம், விளக்கடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்.

"கம்பெனில இன்னொரு தடவை கூப்பிடறான். வர்ற செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போடணும்."

"ஓ."

"என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்ல. உங்களுக்குத் தோணறதுதான்."

அவர் கொஞ்ச நேரம் அவள் கையைப் பார்த்தார். கையில் அப்போதும் ஒரு சோப்புத் துண்டு. புதுச் சோப்பின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சரி, அப்ப போய்ட்டு வரேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருக்குச் சட்டை தேய்த்து வைத்தாள். அவர் செருப்பு மாட்டும்போது வாசலில் நின்றாள். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதை நறுக்கினாள். நறுக்கியதில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"பேனா எடுத்துக்கிட்டீங்களா? அங்க போய் வாங்கிட்டிருக்காதீங்க."

உள்ளே போய் பேனாவை எடுத்துவந்து அவர் சட்டைப் பையில் செருகியவளும் அவள்தான்.

சலவைக்கூடத்தில் அன்று விரிப்பு கோணிக்கொண்டே வந்தது. மூன்றாவது தடவை உருளையில் சுற்றியபோது மடிப்பு எந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னக்கா, இன்னிக்கி உன் மூலை இங்க இல்லையே. எங்க இருக்கு?"

துளியக்கா சொன்னாள். எந்திரம் நின்றிருந்ததால் கத்தாமல் சொல்ல வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லை, குரல் எங்கோ இறங்கிப்போனது.

"வேணாம்னு சொல்றதுக்கென்ன? உன் புருஷன்தானே, ஆஸ்பத்திரி டீனா?"

"அவருக்குக் கடல்தான் பிடிக்குதோ என்னமோ. என் ஆசைக்குப் பிடிச்சு உட்கார வெக்கிறதா?"

"பிடிக்குதான்னு கேட்டியா?"

"இல்ல."

"பேனாவக் குடுத்து அனுப்பினியாக்கும்."

துளியக்கா கோணிய விரிப்பின் மூலையை நீவினாள்.

"சமர்த்து," என்றாள் மடிப்பு. "போனப் போடு."

துளியக்கா கையை உதறித் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். மூன்று ரிங் விட்டு வைத்தால் அவர் அலறிப் புடைத்துக்கொண்டு கூப்பிடுவார், அது நிச்சயம். ஆனால் மூன்று என்பது சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரியது. அதைப் பொய்யாகச் செலவழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆகவே எடுக்கும்வரை விடுவது என்று முடிவு செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம்.

ரிங் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. பழக்கத்தில் விரல் தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று. மடிப்பு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. தானாக அடங்கி நின்றது.

"திரும்பப் போடு."

திரும்பவும் போனது. திரும்பவும் அவர் எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டிருப்பாரு," என்றாள் துளியக்கா. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் மூலைக்கு வந்து நின்றாள். "விடு. ஓட்டு மெஷின."

அதற்குப் பிறகு விரிப்புகள் ஒழுங்காகப் போயின. அதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்று மடிப்பு பின்னால் எங்களிடம் சொன்னாள். கோணாமல், சுருங்காமல், ஒன்றன்பின் ஒன்றாக. துளியக்கா எதையும் பார்க்கவில்லை, கை மட்டும் வேலை செய்தது. அடுத்த ஒப்பந்தத்துக்கான ஏற்பாடு மனசுக்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். நடுவில் ஒருதரம், "கம்பளிச் சட்டைக்கு ஒட்டுப் போடணும்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

விரிப்புக் கட்டுகள் பாதி குறைந்திருந்தபோது கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. ஆவியில் கண்ணைச் சுருக்கி அவளைத் தேடிக் கண்டுபிடித்து, மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன?"

"பாப்பாவுக்கு?"

"அவளுக்கும் ஒண்ணுமில்ல."

அவர் பக்கத்திலிருந்த கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மடிப்பு எந்திரத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதாகச் சொன்னாள். போகவும் செய்தாள், கதவுக்கு அந்தப் பக்கம்வரை.

"மூணு ரிங் வந்திச்சு," என்றார் அவர். "சரி, யாருக்கோ என்னமோன்னு எழுந்தேன். நாலாவதும் வந்திச்சு. அப்புறம் அது பாட்டுக்கு வருது. திரும்ப முதல்லேருந்து வருது. மூணுக்கு மேல என்னன்னு நாம பேசிக்கவே இல்லையே. அதான் நேர்லயே வந்துட்டேன்."

"எடுத்திருக்கலாமே."

"எடுத்தா காசு போகுமே," என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"கையெழுத்து?"

"பேனா மூடியக்கூடத் திறக்கல. எழுந்து வந்துட்டேன். போகணும் திரும்ப. என்ன விஷயம், சொல்லு."

ஏணி, இருட்டு, ஜலதோஷம், மகளுக்கு முதல் பல் விழுந்தது, கல்லூரி வாசலில் மகளோடு தனியாக நின்றது, எல்லாம் ஒன்றாக வந்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் காத்திருந்தார். மந்தமான காதைத் திருப்பிவிட்டு நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு வாய் திறந்தது.

"போக வேணாம்," என்றாள்.

"இன்னிக்கா?"

"எப்பவும்."

அவர் கூடைக்குள்ளிருந்த ஈர விரிப்பைப் பார்த்தார். "உனக்குப் போதுமா?"

"எது?"

"இருக்கறது. நீ இன்னமும் சோப்ப ஒட்டிக்கிட்டுதான் இருக்க. ஒவ்வொரு தடவை வரும்போதும் பாக்கறேன். பேஸ்ட்ட வெட்டற. தண்ணியப் பிடிச்சு வெக்கற. சரி, இன்னும் பத்தலபோல, வாய்விட்டுக் கேக்க மாட்டேங்கறா, இன்னொரு ட்ரிப் அடிச்சிடலாம்னு..." முடிக்காமல் நிறுத்தினார்.

துளியக்கா சுவரில் சாய்ந்தாள். "நீங்க சீக்கிரம் வரணும்னுதாங்க ஒட்டினேன்."

குழாய் ஒன்றிலிருந்து ஆவி சீறி அடங்கியது. அவர் பேசியபோது குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது.

"இதுக்கு அப்பவே ஒரு ரிங் வெச்சிருக்கலாம்."

அப்போதே என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குள் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூரை ஒழுகிய அன்றா, வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றா, கடன் முடிந்த அன்றா. எந்த நாளில் வைத்துப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அதில் அவர் இருந்தார்.

மடிப்பு கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். "டீ முடிஞ்சிது," என்றாள், கையில் டீ டம்ளரே இல்லாமல்.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள் துளியக்கா அவரிடம். "எனக்கு ஷிப்ட் முடிய நேரமாகும்."

"வீட்ல எனக்குன்னு தனியா ஒரு ஃபேன் ஓடணுமா? வெளியதான் பெஞ்ச் இருக்கே. உட்கார்ந்திருக்கேன். சேர்ந்தே போகலாம்."

மடிப்பு தலையைத் திருப்பிக்கொண்டாள். "குடும்பமே இப்படித்தானா," என்று முணுமுணுத்தாள்.

எந்திரம் ஓடத் தொடங்கியது. விரிப்பின் மூலையைத் துளியக்கா பிடித்தாள், இழுத்தாள், கொடுத்தாள். கதவின் வட்டக் கண்ணாடி வழியே பெஞ்சின் ஒரு முனையும் ஒரு நரைத்த தலையும் தெரிந்தன. ஒவ்வொரு விரிப்பும் போய் முடிந்ததும் அவள் நிமிர்ந்து அங்கே பார்த்தாள். தலை இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அது முடிந்ததும் மறுபடி பார்த்தாள்.